ஊசிக்கு ஒரு நோட்டு

ஏனுங்க மொதலாளி, கும்பிடறேனுங்க. பேரனைப் போயி இப்படிக் கூப்புடறாரேன்னு மொறைக்காதே கண்ணு. உன் பனியன் கம்பெனி வாசல்ல கட்டியிருக்கற பேனரைப் பாத்த பொறகு வாய் தானா மருவாதைக்குப் போயிருச்சு. ‘தொழிலாளர் நலமே எங்கள் பலம்’னு எழுதி, நடுவுல நீ கண்ணை மூடிச் சம்மணம் போட்டிருக்கற படம். நல்லாத்தான் இருக்குது. யோகா தினத்தன்னைக்குக் காலைல முக்கா மணி நேரம் அத்தனை பொண்ணுகளையும் மூச்சை இழுத்து உடச் சொன்னயாமா. அந்த முக்கா மணி நேரத்தைச் சாயந்தரம் எச்சா ஓட்டி நேர் பண்ணிக்கிட்டயாமா. இழுத்த மூச்சையும் கணக்குல வெச்ச மொத ஆளு நீதாண்டா, கெட்டிக்காரன்!

குத்தம் சொல்ல வரலை. சாளையில கெடக்கற கெழவனுக்கு என்ன தெரியும்? அன்னைக்குக் கம்பெனியச் சுத்திக் காட்டுனயே, அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஊசி நோட்டு. தைக்கறப்ப ஊசி முறிஞ்சா மிஷினை நிறுத்திப் போடறீங்க. துண்டு துண்டாப் பொறுக்கி, நோட்டுல ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் புது ஊசி. ஒரு துண்டு கொறைஞ்சாலும் அந்தத் துணி அத்தனையும் அக்கட்டால எடுத்து வெச்சு மெட்டல் டிடெக்டர்ல உட்டுப் பாக்கறீங்க. சட்டை போடற வெள்ளைக்காரக் கொழந்தைக்குக் குத்தீருமாமா, பையர் கண்டிசனாமா. வெரல்ல பாதி நீளம் இல்லாத சாமானத்துக்கு எத்தனை சீரு!

அதே லைன்ல ஓவர்லாக் ஓட்டற பொண்ணு இடுப்பைப் புடிச்சுட்டுப் போனவ ஒரு வாரமா வரலைன்னாங்க. அது எந்த நோட்டுல ஒட்டியிருக்குதுன்னு கேட்டேன். நீ சிரிச்சே. அப்பறம் பாத்தா கேட்டுல ‘டெய்லர்கள் தேவை’ன்னு போர்டு. வெயில்ல வெளுத்துக் கெடக்குது, வருசக்கணக்கா எடுக்கவே இல்லையாட்ட இருக்குது.

சரி, தண்ணிக்கு வருவோம். குடிதண்ணி கேனை அந்தக் கோடீல வெச்சிருக்கறே, கக்கூசை இந்தக் கோடீல வெச்சிருக்கறே. நடுவுல சூப்பர்வைசர் வாட்ச்சைப் பாத்துட்டு நிக்கறான். பீஸ் ரேட்டுல தைக்கறவ என்ன பண்ணுவா? தண்ணியே குடிக்கறதில்லை. குடிச்சாத்தானே போகோணும்! மத்தியானத்துக்குத் தலைவலி, ராத்திரிக்கு நீர்க்கடுப்பு, மறுநாளு இ.எஸ்.ஐ. ஆசுபத்திரி வரிசை. இ.எஸ்.ஐ.க்கு நூறு ரூவா சம்பளத்துக்கு நீ மூனேகால் ரூவா, அவ முக்கா ரூவா கட்டறீங்க. வைத்தியத்துக்குக் காசும் கட்டி, சீக்கையும் உள்ளயே தயார் பண்ணிக் குடுக்கற. வரவு செலவு ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ!

ராத்திரி ஏழு மணிக்கு மேல தைச்ச பீஸு செக்கிங் டேபிளுக்குப் போனா ஆல்ட்டர்னு திரும்பி வருதாமா, உன் மேனேஜர்தான் சொன்னான். பிரிச்சுத் தைக்கறதுக்கு இன்னொரு ராத்திரி. அந்த ராத்திரில தைச்சதுக்கும் ஆல்ட்டர். கடசில தூத்துக்குடியில கப்பல் போயிருது, பெட்டி ஏரோப்ளேன்ல போகுது. எனக்கு இன்னும் கெடைக்காத யோகம், உன் ஜட்டிக்குக் கெடைக்குது. அதுக்குக் கட்டற காசுல லைனுக்கு ஒரு கக்கூசு கட்டி டைல்ஸும் ஒட்டியிருக்கலாம். ஆனா கக்கூசு செலவுன்னு நிக்கும், ஏரோப்ளேன் அவசரம்னு போயிரும். கணக்குப்புள்ளை எழுதற தலைப்புல இருக்குது சூட்சுமம்.

நானும் தருமவான் இல்லை கண்ணு. கவலை எறச்ச காலத்துல உச்சி வெயிலுக்கு மாட்டை அவுத்து உட்டுருவேன். பாசமா? மறுநாளு எந்திரிக்கலைன்னா புது மாடு வாங்க எங்கப்பன் காசு தர மாட்டான், அதுதான். அமெரிக்காக்காரர் ஃபோர்டும் அந்த ரகந்தான். 1913ல அவரு கார் ஃபேக்டரியில சுமார் 14,000 பேரை நிலையா வெச்சுக்க வருசத்துக்கு 52,000 பேருக்கு மேல வேலைக்கு எடுக்க வேண்டியிருந்துச்சு. வாரான், ரெண்டு நாள் பாக்கறான், ஓடீர்றான். மனுசன் 1914 ஜனவரியில ஒம்பது மணி நேர வேலையை எட்டாக்கி, நாளுக்கு அஞ்சு டாலர் வரைக்கும் கெடைக்கும்னு அறிவிச்சாரு. அந்தக் காசு வாங்கறவன் குடிக்கறானா, வீடு சுத்தமா இருக்குதான்னு ஆளனுப்பி வேவும் பாத்தாரு, அது வேற கதை. பின்னால, செலவைக் கொறைக்க நாங்க பண்ணுனதுல அது நல்ல வேலைன்னு அவரே எழுதி வெச்சாரு. தருமம்னு எழுதலை பாத்தயா!

அமெரிக்கா தூரம்னா பெங்களூருக்கு வா. அங்க துணி தைக்கற ஃபேக்டரிகள்ல குழல் விளக்கை எடுத்துட்டு எல்.இ.டி. போட்டாங்க, கரண்ட் மிச்சமாகும்னுதான். அந்த விளக்கு சூடு கம்மி. வெக்கை நாள்ல டெய்லருக வேலை முன்ன மாதிரி படுத்துப் போகலைன்னு ஆராய்ச்சிக்காரங்க கணக்கெடுத்தாங்க. அந்த லாபத்தையும் சேத்துப் பாத்தா, விளக்குக்குப் போட்ட மொதலு திரும்பற காலம் கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்காச் சுருங்கிப் போச்சு. தலைக்கு மேல இருந்த சூட்டைக் கொஞ்சம் எறக்குனதுக்கே இத்தனை. உன் தகரக் கூரைக்குக் கீழ ஒரு கால் மணி நேரம் நின்னேன், எனக்கு மோட்சம் தெரிஞ்சுது.

ஆடிட்டு வர்ற அன்னைக்கு மட்டும் உன் கம்பெனி சொர்க்கம்னு கேள்வி. தொட்டில் ரூமுல பொம்மை, பிளாஸ்டிக் கவரு பிரிக்காம இருக்குதாமா. முதலுதவிப் பெட்டியில பஞ்சு, மருந்து, கத்திரிக்கோலு எல்லாம் ரொம்பி வழியுது. பூட்டு மட்டும் தெறக்கலை, சாவி பழனிக்குப் போன மேனேஜர் சோப்புல. பையருக்கு முன்னால ஒருத்தியும் வெரலை வெட்டிக்கலை, உன் நல்ல நேரம்.

நாட்டு நடப்பைப் பாரு. கடையில நாளெல்லாம் நிக்கறவங்க உக்கார ஒரு எடம் வேணும்னு 2021ல நம்ம சட்டசபை சட்டம் போட்டுச்சு. உன் டெய்லருகளுக்கு எந்திரிக்க ஒரு சட்டம் வந்தா தேவலை. 2023 ஏப்ரல்ல 12 மணி நேர வேலைக்கு வழி பண்ணி ஒரு திருத்தம் நிறைவேறுச்சு, எதிர்ப்புக் கெளம்பி மே தினத்தன்னைக்கே வாபஸ்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு உன் மூஞ்சி போன போக்கு இருக்குதே! ஒன்றரை ஷிப்டுன்னு பேரு வெச்சு அதைத்தானே ஓட்டிட்டு இருக்கறே, உனக்கெதுக்கு இன்னொரு சட்டம்?

இத்தனை சொல்லியும் ‘கன்சல்டண்டைக் கேட்டுச் சொல்றேன் அப்பாரு’ங்கறே. கேளு சாமி, தாராளமாக் கேளு. டை கட்டுனவன் சொன்னாத்தான் தண்ணிக் கேன் எடம் மாறும்னா மாறட்டும். எனக்கு ஃபீஸெல்லாம் வேண்டாம், ரெண்டு பனியன் குடுத்தாப் போதும். காலைல தைச்சதாப் பாத்து எடுத்துக் குடு, ராத்திரித் தையல் எனக்கு ஆகாது.