குற்றவாளிக் கூண்டில் அம்மா?

"தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம்" என்கிறார்களே?
*(வாசகி, குன்றக்குடி)*

மேல்நாட்டு நிபுணர்கள் ஒரு காலத்தில் அத்தாய்மாருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஃபிரிட்ஜ் அம்மா'! 1964-இல் அந்த வாதத்தைப் புத்தகம் எழுதி உடைத்த பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியலாளர்; ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பாசத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பங்குனி உத்திரத்தன்று மலைக்கோயிலில் மேளம் கேட்டதும் பிள்ளை காதைப் பொத்தி அலறுகிறானே, பக்தி குறைவோ?

பக்தி குறையவில்லை, சத்தம் கூடிவிட்டது! ஆட்டிசம் உள்ள பலருக்குச் சாதாரண ஒலியே காதில் இடியாக இறங்கும். சண்முகநாதர் கூட்டமில்லாத நாளிலும் குன்றக்குடி மலைமேல்தான் இருக்கிறார்.

மூன்று வயதாகியும் பேச்சில்லை. பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்குவதே வேலை. "ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்" என்கிறாரே மாமியார்?

காத்திருக்க வேண்டியது காரைக்குடி பஸ்ஸுக்கு, பேச்சுக்கு அல்ல. குழந்தை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

அரசாங்கம் ஆட்டிசத்தை ஒரு குறைபாடாக மதிக்கிறதா?

மதிக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று.