நான் பி டைப் சார்

நேற்றைய கூட்டத்துக்கு ஒரு தம்பி, எல்லோரும் காபி குடித்து முடித்த பிறகு வந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். சாரி சொல்லவில்லை. "நான் பி டைப் சார்" என்றான். ரத்த வகையைச் சொல்கிறானோ, யாருக்காவது ஆபத்தோ என்று பதறிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், "ஆமா சார், அவன் ஈ என் எஃப் பி" என்று சான்றிதழ் கொடுத்தாள். விசாரணை முடிந்தது. நாங்கள் தாமதமாக வந்த காலத்தில் பஸ்ஸைச் சொன்னோம், ரயில்வே கேட்டைச் சொன்னோம், வேறு வழியில்லாவிட்டால் ஏற்கெனவே செத்துப்போன பாட்டியை மறுபடியும் சாகடித்தோம். எதற்கும் கொஞ்சம் கற்பனை வேண்டியிருந்தது. இவர்கள் கார்ல் யுங் என்ற உளவியல் அறிஞர் மேல் பழியைப் போட்டுவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொள்கிறார்கள்.

எல்லாம் போன மாதம் மனிதவளத் துறை, மயர்ஸ்-பிரிக்ஸ் என்ற ஆளுமைத் தேர்வு வைத்து நடத்திய பயிற்சியின் பலன். நம் வகையை நாலு எழுத்தில் சொல்லும் தேர்வு அது; கடைசி எழுத்து பி என்றால் திட்டத்துக்குக் கட்டுப்படாத ஆளாம். நீங்களும் எழுதியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். ராத்திரி தூக்கம் வராமல் போனில் எழுதி, வந்த நாலு எழுத்தைக் காலையில் வாட்ஸ்அப்பில் போட்டிருப்பீர்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் பூர்வீகம்.

யுங் 1921இல் மனித மனத்தை வகை பிரித்து ஒரு தடித்த புத்தகம் எழுதினார். அதோடு அவர் வேலை முடிந்தது. அதைத் தேர்வாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும். இருவருமே உளவியல் பட்டம் பெற்றவர்கள் இல்லை. மகள் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். அந்த மகள் தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, "இந்தப் பையன் நம் வீட்டு மனிதர்கள் மாதிரி இல்லையே" என்று அம்மா யோசித்தாராம். வகை பிரிக்கும் ஆர்வம் தொடங்கிய இடம் அதுதான். நம் ஊர் மாமியாராக இருந்தால் "மாப்பிள்ளை ஒரு மாதிரி" என்று ஒரே வகையில் முடித்திருப்பார். அமெரிக்காவாகப் போயிற்று, பதினாறு வகை ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவும் என்று மகள் இதைக் கேள்வித்தாளாக்கினார். அப்படிப் புறப்பட்டதுதான் இன்று எங்கள் கூட்ட அறையில் பிஸ்கட் தின்கிறது.

கேள்விகளையாவது ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றியிருக்கலாம். விருந்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களாகப் பேசுவீர்களா என்று ஒரு கேள்வி. நம் கல்யாண மண்டபத்தில் அந்தச் சிரமத்தை யார் கொடுக்கிறார்கள்? வாசலிலேயே ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு "என்னைத் தெரியுதா?" என்று நிற்பார். தெரிகிறது என்றால் "சொல்லு, யாரு?" என்பார். அவரிடமிருந்து கையை விடுவித்துக்கொள்வதற்குள் பந்தி முடிந்துவிடும். இதில் நான் உள்முகமா வெளிமுகமா என்று எந்தக் கட்டத்தில் குறிப்பது?

எனக்கு ஐ என் எஃப் ஜே வந்தது. உலகத்திலேயே அரிதான வகை என்று போட்டிருந்தது. ஆபீஸில் எங்கள் மாடியில் மட்டும் அரிதானவர்கள் ஏழு பேர். அறிக்கையைப் படித்தேன். வெளியே அமைதி, உள்ளே ஆழம். எல்லோரிடமும் பழகுவேன், ஆனால் மனம் திறப்பது சிலரிடம்தான். என் திறமை இன்னும் முழுதாக வெளிப்படவில்லை. கடைசி வரியில் தொண்டை அடைத்துவிட்டது. இதையேதான் வருஷா வருஷம் அப்ரைசல் படிவத்தில் எழுதிக்கொடுக்கிறேன். ஒரு மேலதிகாரிக்கும் புரிந்ததில்லை. என் முகத்தையே பார்க்காத ஒரு கம்ப்யூட்டருக்குப் புரிந்திருக்கிறது.

பெருமையோடு மனைவியிடம் நீட்டினேன். முழுவதும் படித்தாள். "அப்படியே எங்க அண்ணா!" என்றாள்.

அவள் அண்ணாவுக்கும் எனக்கும் நிச்சயதார்த்தத்தன்றே ஆகாமல் போய்விட்டது. குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளுக்குத் தண்ணீரின் குணத்தை விளக்குகிற மனிதர் அவர். "எந்த வரி?" என்று கேட்டேன். "எல்லா வரியும்தான். பாவம், அவனோட திறமைதான் இன்னும் வெளியில வரலை" என்றாள். மைத்துனருக்கும் எனக்கும் ஒரே அறிக்கை பொருந்துகிறது என்றால், பூமியில் அது பொருந்தாத மனிதன் யார்?

இதை 1948இலேயே ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு அறிக்கை கொடுத்து, உங்களுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு மார்க் போடுங்கள் என்றார். சராசரி 4.26. அதன்பிறகுதான் விஷயத்தை உடைத்தார். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. பெரும்பாலான வரிகள் கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

ஜோசியம் என்றதும் காலண்டர் ஞாபகம் வருகிறது. சொல்ல வந்த விஷயத்துக்கு உடனே வந்துவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த தினசரி காலண்டர் ஒன்று தொங்கும். தாளின் அடியில் பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒரு சொல். லாபம், பகை, சுகம், செலவு, தாமதம், சினம். அவ்வளவுதான் மொத்த ஆளுமை அறிக்கையும். அப்பா காலையில் பல் தேய்த்ததும் தேதி கிழித்து, கன்னிக்கு என்ன என்று பார்ப்பார். 'செலவு' என்றிருந்தால் அன்றைக்கு எங்களுக்குப் பென்சில்கூட வாங்கித் தர மாட்டார். போட்டதைப் பொய்யாக்கிக் காட்டுகிறேன் என்று சவால். சாயங்காலம் செருப்பு அறுந்துவிடும். 'பாத்தியா!' என்று காலண்டரைக் காட்டுவார். அந்தக் குரலில் செருப்பு போன வருத்தத்தைவிடக் காலண்டர் ஜெயித்த சந்தோஷம்தான் அதிகம் இருக்கும். 'நட்பு' என்று போட்ட நாளில் யாரும் வராவிட்டால் பால்காரரைப் பிடித்து உட்காரவைத்து அரசியல் பேசுவார். அம்மாவுக்குச் சிம்மம். சிம்மத்துக்குச் 'சினம்' என்று போட்டிருந்தால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் சொல்லாமல் கிளம்பியதில் அம்மாவுக்குச் சினம் வரும். கணிப்பு பலித்துவிடும். கன்னிக்குச் 'சுகம்', சிம்மத்துக்குப் 'பகை' என்று ஒருநாள் வந்தது. ஒரே வீட்டில் இது எப்படி முடியும் என்று மதியம் வரை வாக்குவாதம் நடந்து, சாயங்காலத்துக்குள் இருவருக்குமே பகைதான் மிஞ்சியது. சந்திராஷ்டமம் என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் கடன்காரர் வந்தால்கூட, "இன்னிக்கு எனக்குச் சந்திராஷ்டமம், நாளைக்குப் பேசலாம்" என்பார். கடன்காரரும் அதே காலண்டரைப் பார்க்கிறவர் என்பதால் தலையாட்டிவிட்டுப் போவார்.

இதில் பெரிய வேடிக்கை, அடுத்த வருடக் காலண்டரின் மாதிரி ஆல்பத்தை ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் வெளியிட்டுவிடுகிறார்கள் என்பது. அப்பாவின் அடுத்த சித்திரைச் செருப்பு அந்த ஆடியிலேயே அச்சுக்குப் புறப்பட்டாயிற்று. அப்படியிருந்தும் அந்தக் காலண்டரிடம் ஒரு மரியாதை உண்டு. அது யாரையும் ஆழமானவர் என்று சொன்னதில்லை. பன்னிரண்டு பேருக்குச் சொல்லி மறுநாள் கிழிபட்டுப் போகும். நேற்று பகை, இன்று சுகம், மாறுகிறது என்பதை அதுவே ஒப்புக்கொள்ளும். மயர்ஸ்-பிரிக்ஸும் மாறத்தான் செய்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமான பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அதை யாரும் கிழிப்பதில்லை. பெயருக்குப் பக்கத்தில் பட்டம் மாதிரி போட்டுக்கொள்கிறார்கள். "இன்னிக்கு எனக்குத் தாமதம்" என்றால் அப்பா நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடுவார். "நான் பி டைப்" என்பவன் ரிட்டயர் ஆகும்வரை தாமதம்தான்.

சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இனி இடமில்லை. தீர்ப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வித்தாளில் இருக்கிற பெரிய கோளாறு, நம்மைப் பற்றி நம்மையே கேட்பது. நாமும் நல்லதாகப் பார்த்துக் குறிக்கிறோம், அது அதையே அழகான நடையில் திருப்பிக் கொடுக்கிறது, ஆஹா, நானேதான் என்று உருகுகிறோம். உங்களுக்கு உண்மை தெரிய வேண்டுமானால் உங்கள் தேர்வை உங்கள் மைத்துனரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வருகிற முடிவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.