பசுமை நலங்கில் ஜாக்கெட் பிட்டின் இடம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கல்யாணத்துக்கு முன்பு பெண்ணை மணையில் உட்காரவைத்து, மஞ்சளும் சந்தனமும் பூசி, சுமங்கலிகள் ஒருவர் பின் ஒருவராக வாழ்த்தும் நலங்கு, சென்னையில் இப்போது 'எக்கோ ஃப்ரெண்ட்லி ப்ரைடல் ஷவர்' என்ற பெயரிலும் நடக்கிறது. அத்தைமார் நடத்தினால் முன்னது, அலுவலகத் தோழிகள் நடத்தினால் பின்னது. ஒரே கூடத்தில், ஒரே மாலையில், ஒன்றையொன்று பாராத இரண்டு வாட்ஸ்அப் குழுக்களின் மேற்பார்வையில் இரண்டும் நடப்பதும் உண்டு. இத்துறையில் இதுவரை நூல் எதுவும் வெளிவரவில்லை. வெளிவந்திருந்தால் நாம் படிக்கவில்லை. படிக்காத நூலை 'இல்லை' என்று முன்னுரையில் எழுதுவது ஆய்வு மரபு.

இயல் 1: அழைப்பிதழ்

காகிதத்தை மிச்சப்படுத்த வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டது. "நேரில் வந்து வைக்கலையே" என்ற மனத்தாங்கல் கிளம்பியதால் அச்சடித்து, ஊர் முழுக்கக் காரில் போய் வைக்கப்பட்டது.

இயல் 2: அலங்காரம்

'பசுமை நலங்கு' என்னும் எழுத்துகளைத் தெர்மாகோலில் வெட்டலாமா என்பதில் இரு கட்சி உண்டு. அலங்காரத் தெர்மாகோலும், அழைப்பிதழைச் சுற்றும் பளபளப்பான பிளாஸ்டிக் தாளும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ஆகவே சட்டம் ஒரு கட்சி, டெக்கரேஷன்காரர் மறு கட்சி. அட்வான்ஸ் வாங்கிய கட்சியே வென்றது (பெரியம்மா, வாய்மொழி).

இயல் 3: ஆரத்தி

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பது, மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டதும் நிறம் மாறுவதால். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. சுற்றி முடித்து வாசலில் கொட்டிவிடலாம். இப்படி முழுக்கப் பசுமையாக இருக்கும் ஒன்றை அப்படியே விட மனம் வராமல், பிளாஸ்டிக் முத்தும் ஜிகினாவும் ஒட்டிய வாடகைத் தட்டுகளை அதைச் சுற்றி அடுக்குகிறார்கள்.

இயல் 4: தாம்பூலப் பை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. துணி போலவே தோன்றும் 'நான்-ஓவன்' பையும் அப்பட்டியலில் உண்டு, அது பாலிபுரொப்பிலீன். இரண்டு விரலால் தடவிப் பார்த்து "துணிதான், தைரியமா வாங்கு" என்று தீர்ப்புச் சொல்லும் மாமா குடும்பத்துக்கு ஒருவர் இருப்பதால் அது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது (மாமா, தீர்ப்புத் திரட்டு, காபி ஆறுவதற்கு முந்தைய பகுதி).

2021 டிசம்பர் 23 அன்று அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபின், பசுமை நலங்குக்காரர்கள் மஞ்சப்பைக்கு மாறினார்கள். இங்கே டென்மார்க் குறுக்கிடுகிறது. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பை ஒன்று சாதாரணப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், பருவநிலையை மட்டும் பார்த்தால் 52 தடவையும், எல்லா அளவுகோல்களையும் பார்த்தால் 7,100 தடவையும் பயன்பட வேண்டும். நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. அதற்குள் மடித்த மஞ்சப்பைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஜோடியின் பெயர். எதுவும் 52-ஐத் தொட்டதில்லை. 52 தடவை கடைக்குப் போவதற்குள் அடுத்த முகூர்த்த மாதம் வந்துவிடுகிறது.

இயல் 5: ஜாக்கெட் பிட்

வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, தேங்காயோடு வைத்துக் கொடுக்கும் 80 சென்டிமீட்டர் துணி. வெற்றிலை வாடும், தேங்காய் சட்னியாகும், ஜாக்கெட் பிட்டுக்கு அழிவில்லை. நலங்கில் வாங்கியது வரலட்சுமி நோன்புக்குப் போகும், அங்கிருந்து நவராத்திரிக் கொலுவுக்கு, கொலுவிலிருந்து இன்னொரு வீட்டு நலங்குக்கு.

இதன் தொன்மை குறித்து: சங்க இலக்கியத்தில் ஜாக்கெட் பிட் காணப்படவில்லை. அதனால் சங்க காலத்தில் அது இல்லை என்று கொள்வது அவசரம். எல்லாரிடமும் இருந்ததால் எழுத வேண்டியிராமல் விட்டார்கள் என்க. இந்த முறையில் நிறுவப்படாத பொருள் தமிழில் மிகக் குறைவு. பெறப்படாத பட்டமும் மிகக் குறைவு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிரதி பீரோவின் கீழ்த்தட்டில், அந்துருண்டை வாசனையோடு கிடைத்தது. நிறம் ராமர் பச்சைக்கும் மயில்கழுத்துக்கும் இடையில், இரண்டோடும் சேராது. மடிப்பு விளிம்பு வெளுத்துக் கோடாகியிருக்கிறது. விலைச்சீட்டைச் சுரண்டிய இடத்தில் பசை கறுத்துக் கிடக்கிறது. ஓரத்தில் பென்சிலில் 'தாம்பரம் மாமி' என்று எழுதி அடிக்கப்பட்டிருக்கிறது. அதன்கீழ் பால்பாயின்ட் பேனாவில் 'கோவை'. அதற்கும் கீழே, வேறு கையெழுத்தில், 'இவளுக்கு வேண்டாம்'.

முதல் இரண்டு குறிப்புகளில் சிக்கல் இல்லை. கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடாமல் காக்கும் முன்னோர் ஏற்பாடு அது. சிக்கல் மூன்றாவதில். இவள் என்றது யாரை? கோவைக்காரியை என்பர் ஒரு சாரார் (சின்ன அத்தை, தொலைபேசி உரை, ஸ்பீக்கரில் போட்டிருப்பது தெரியாமல் பேசிய பகுதி). எழுதியவரின் நாத்தனாரை என்பர் மற்றொரு சாரார் (ஓர்ப்படி, மொட்டைமாடித் தொகுதி, துணி காயப்போடு படலம், இரண்டாவது கொடி; இதற்கு மறுப்பு: அதே ஓர்ப்படி, சின்ன அத்தை மாடிப்படி ஏறி வந்தபின்; மறுப்பின் மறுப்பு: மாமியார், மௌனம், முழுவதும்). 'இவளுக்கு' என்பது 'இவருக்கு' என்பதன் பாடபேதமாகலாம் என்று ஒரு தாத்தா துணிந்தார். ஜாக்கெட் பிட்டை எந்த 'இவருக்கு'க் கொடுப்பது என்ற கேள்விக்கு அவர் இன்னும் விடை அளிக்கவில்லை.

இனி அடிப்படை விதி. நல்ல பிட் தைக்கப்பட்டு மாண்டுபோகிறது. ஒருத்தி அதை ரவிக்கையாக்கிக்கொண்டால் அதன் பயணம் அத்தோடு சரி. தைக்க லாயக்கில்லாத பிட் மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே பசுமை நலங்குக்கு நாம் பரிந்துரைப்பது: எந்தப் புடவைக்கும் பொருந்தாத நிறம், யாருக்கும் போதாத நீளம், சாயம் போகுமோ என்ற நிலையான சந்தேகம். புதிதாக நெய்ய வேண்டியதில்லை, சாயப்பட்டறைக் கழிவு இல்லை, குப்பை இல்லை. ஒருவருக்கும் வேண்டாதிருப்பதே இதன் பசுமை. பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டின் முதல் இயல் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்கப்படாமல் கைமாறுகிறது. ஓரத்தில் பழைய பெயரை அடிக்க மறந்தவர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டென்மார்க்குக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு மூன்று கைமாற்றம் என்று வைத்துக்கொண்டால், 7,100-ஐ எட்ட 2,366 ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகும். அதாவது, இன்று ஈடுகட்டி முடிக்க வேண்டிய பிட் அசோகர் பிறப்பதற்கு முன்பே யாருடைய நலங்கிலோ கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். பைக்குச் சொன்ன எண்ணைத் துணிக்குப் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பொருத்தாவிட்டால் இந்த இயலுக்கு அட்டவணை கிடைக்காது. மேலும், நமது பிரதியில் பாலியஸ்டர் கலந்திருப்பதாகத் தையற்காரர் கூறுவதால் (வாய்மொழி, வாயில் ஊசியோடு) கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. அதற்கு நிதி ஒதுக்கீடு தேவை.

இயல் 6: செடி

ரிட்டர்ன் கிஃப்டாகத் துளசிக் கன்று தரப்பட்டது, கறுப்புப் பிளாஸ்டிக் உறையில். காரின் பின்சீட்டில் ஒரு பகல் இருந்தது.

இயல் 7: எவர்சில்வர் டப்பா

ஜாக்கெட் பிட் மரபை ஒழிக்கவென்றே ஒரு பிரிவு அத்தைமார் எவர்சில்வருக்குப் போயிருக்கிறார்கள். மூடியில் பெயர், அடியில் நலங்குத் தேதி, இரண்டும் பாத்திரக்கடையிலேயே புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டவை. பென்சில் போல இதை அடிக்க முடியாது, சுரண்டவும் முடியாது. கொடுத்தவர் பெயரோடு இன்னொரு வீட்டுக்கு இதைத் தூக்கிப் போக எந்தச் சுமங்கலிக்கும் துணிவு வரவில்லை. வேறு வழியில்லாமல் அதில் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறார்கள்.