எல்லைச்சாமி

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில், வாஞ்சூரில் ஒரு டீக்கடை ஓரமாக அரைமணி நேரம் நின்றால் போதும், இவரைப் பார்த்துவிடலாம். அரசலாற்றுப் பாலத்தில் தொடங்கி, காளமேகப் புலவர் யமகண்டம் பாடியதாகச் சொல்லும் திருமலைராயன்பட்டினம் வழியாக வெறுந்தலையோடு காற்று வாங்கிக்கொண்டு வந்தவர், எல்லை நெருங்கியதும் வண்டியை ஓரம் கட்டுவார். முழங்கையில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை உருவித் தலையில் கவிழ்ப்பார். வண்டிக் கண்ணாடியில் ஒரு தரம் அழகு பார்ப்பார். பிறகுதான் தமிழ்நாட்டுக்குள் பிரவேசம். திரும்பி வரும்போது அதே இடத்தில் ஹெல்மெட் மறுபடியும் முழங்கைக்கு இறங்கிவிடும். ஊர் எல்லையில் குதிரைமேல் உட்கார்ந்து காவல் காக்கும் தெய்வத்தின் பெயரையே இவருக்கும் வைத்துவிட்டேன்: எல்லைச்சாமி.

இவருடைய பூகோள ஞானம் அபாரமானது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் மொத்தமே ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடிப் பக்கம், மேற்கே அம்பகரத்தூர் தாண்டினால் பேரளம் பக்கம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். மூன்று திக்கிலும் தமிழ்நாடு. கிழக்கே கடல், அங்கே வண்டிச் சோதனை கிடையாது. எந்தப் புளியமரத்தோடு புதுச்சேரி அரசு முடிகிறது என்பதில் சர்வேயருக்குச் சந்தேகம் வரலாம், இவருக்கு வராது. பெட்ரோல் இந்தப் பக்கம் மலிவு என்று நாகைக்காரர்கள் டேங்கை நிரப்ப இங்கே வருகிறார்கள் அல்லவா? எல்லைச்சாமியின் கணக்கில் தலையும் அப்படித்தான். யூனியன் பிரதேசத்துக்குள் அதற்கு வரிவிலக்கு உண்டு.

தலை இப்படி இரண்டுபட்டதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கெடுபிடி ஆரம்பமானது. அந்த வாரமே இவர் ஒன்று வாங்கிவிட்டார். புதுச்சேரியிலோ அது வரும், போகும். 2017 மே மாதம் வந்தது, போனது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தாமே தெருவில் இறங்கி, வெறுந்தலையோடு வந்தவர்களை மடக்கினார். முதலில் விழிப்புணர்வு, பிறகுதான் அபராதம் என்றார் முதல்வர் நாராயணசாமி. கூடவே வேறு பல கோரிக்கைகளையும் சேர்த்துக்கொண்டு, 13ஆம் தேதி கறுப்புச் சட்டையோடு ராஜ்நிவாஸ் எதிரே தர்ணாவில் உட்கார்ந்துவிட்டார். 18ஆம் தேதி வரை நடந்தது. ஓர் அரசாங்கமே தலைக்காகத் தெருவுக்கு வந்ததை எல்லைச்சாமி டிவியில் கண்கொட்டாமல் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபரில் காமராஜ் நகர் இடைத்தேர்தல். முதல்வர் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிரசாரம் செய்யும் படத்தை ஆளுநர் வெளியிட்டார். ஆளுநர் ஹெல்மெட் இல்லாமல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போன பழைய படத்தை முதல்வர் எடுத்துப் போட்டார். இவருக்கு அந்த வருஷம் தீபாவளி ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. “ரெண்டு பேருமே நம்ம கட்சிதான்” என்று டீக்கடையில் அறிவித்தார். 2025 ஜனவரியில் ஹெல்மெட் கட்டாயம் மறுபடியும் வந்தபோது, “இதுவும் போயிடும்” என்று ஆசீர்வதித்தார்.

ஹெல்மெட் இவரிடம் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. புது வண்டியோடு ஹெல்மெட்டும் தரவேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அப்படி வந்தது உறை பிரிக்காமல் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. வண்டிக்கு மாலை போட்டு, முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, திருநள்ளாறு போய் எள் விளக்கும் ஏற்றிவிட்டு வந்த மனுஷனுக்கு அந்த உறையைப் பிரிக்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. “ஏழரை நடக்கும்போது எதைப் போட்டாலும் நடக்கிறது நடக்கும்” என்பார். ஏழரை முடிந்தபின் கேட்டால், “அதான் முடிஞ்சிருச்சே, இனிமே என்ன பயம்?”

புழக்கத்தில் இருப்பது சாலையோரத்தில் வாங்கியது. அதிலிருந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒரு ஸ்டிக்கர். முதல் மழையில் கழன்று போனது. (ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று 2021 ஜூன் 1 முதல் விதி.) வாரின் கொக்கியும் உடைந்துவிட்டது. மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு நாள் பை கொண்டுபோக மறந்து, அரைக் கிலோ சங்கராவை அதற்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று மாலையே அவசரமாக நாகூர் போகவேண்டி வந்தது. அந்தக் கதையை அவரிடம் கேட்காதீர்கள்.

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில்தான் அந்த ஹெல்மெட்டுக்கு முழு மரியாதை. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். தலைமேல் பழம் மழையாகப் பொழிகிற அந்த ஒரு நாளில்கூட இவர் ஹெல்மெட்டைப் போடுவதில்லை. தலைகீழாகப் பிடித்து ஏந்துகிறார். நாலு பழம் கொள்ளும். காரைக்கால் அம்மையார் கைலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்து போனவர். இவர் அதையும் விடவில்லை.

“அம்மையார் தலையாலேயே போனாங்க. ஹெல்மெட்டா போட்டுக்கிட்டுப் போனாங்க?”

“நீங்களும் அதே ஊருக்குத்தான் கிளம்புறீங்க போல” என்றார் வீட்டுக்கார அம்மா, அடுப்படியிலிருந்தே.

ஹெல்மெட் என்றால் வெளியே பளபளக்கும் ஓடு என்பதுதான் இவருடைய எண்ணம். உள்ளே இருக்கிற தெர்மாகோல் அடுக்குதான் நசுங்கிக்கொடுத்து, மூளைக்குப் போகவேண்டிய அடியில் பெரும்பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு விபத்தில் நசுங்கினால் அதன் வேலை முடிந்தது, வேறு வாங்க வேண்டியதுதான். வார் மாட்டாத ஹெல்மெட் என்றால் தலை தரையைத் தொடுவதற்கு முன்பே அது தனியாகப் போய் உருண்டு கிடக்கும். கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது இதையெல்லாம் சொல்லிப் பார்த்தான்.

“அப்பா, உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளத் தொகுத்து 2008ல சொல்லியிருக்காங்க. ஹெல்மெட் போட்டா தலைக்காயம் 69 சதவீதம் குறையுதாம். சாவு 42 சதவீதம் குறையுதாம்.”

“அப்ப மீதி 58?”

“அதுக்கு மெதுவா ஓட்டணும்ப்பா.”

எல்லைச்சாமி மோர் கேட்டார். தலையில் பலமாக அடிபட்ட ஒருவரை மேல்சிகிச்சைக்கு ஏற்றினால் தஞ்சாவூர், இல்லாவிட்டால் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி புதுச்சேரி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வழியில் பெரும்பகுதி தமிழ்நாடுதான். ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கு எல்லை எங்கே வந்தது என்று தெரியாது. இதைப் பையன் சொல்லவில்லை. சாப்பிடும் நேரத்தில் வேண்டாம் என்று விட்டிருப்பான்.

தலைக்கே இந்தக் கதி என்றால் அதற்குக் கீழே கேட்க வேண்டாம். மடித்துக் கட்டிய கைலி, ரப்பர் செருப்பு. ஷூ கல்யாணத்துக்கு. விழுகிறவன் தார்ச்சாலையில் முதலில் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். அதற்கும் ஓர் உறை உண்டு என்பதைப் பாரிஸ் மச்சான் சொல்லித்தான் இவர் தெரிந்துகொண்டார். காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமையும் சொல்தா (பிரெஞ்சு ராணுவ) பென்ஷனும் உள்ள குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. மச்சான் அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை. பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல் ஹெல்மெட்டோடு கையுறையும் கட்டாயம். கையுறை போடாவிட்டால் 68 யூரோ அபராதம், ஓட்டுகிறவருக்கு லைசென்ஸில் ஒரு புள்ளியும் போகும். பின்னால் இருப்பவருக்கும் கையுறை கட்டாயம்தான். இதையெல்லாம் மச்சான் விளக்கியது, அரைக்கால் சட்டையும் செருப்புமாக, வெறுந்தலையோடு, எல்லைச்சாமியின் வண்டியை ஓட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்போது.

“இங்க எதுவும் போடலியே மச்சான்?”

“அங்க போலீஸு புள்ளியப் புடுங்கிடுவான் மச்சான். இங்க யாரு?”

இவர் வாஞ்சூரில் கழற்றுகிறார், அவர் விமானத்தில் கழற்றுகிறார். மச்சான்களுக்குள் நல்ல ஒற்றுமை.

போன கந்தூரிக்கு நாகூர் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்கார அம்மா வாஞ்சூரில் கேட்டாராம்:

“ஏங்க, நாகூர்ல விழுந்தாத்தான் மண்டை உடையுமா? திருமலைராயன்பட்டினத்துல விழுந்தா உடையாதா?”

“நாகூர்ல போலீஸு நிப்பான்.”

உங்கள் தெருவிலும் ஓர் எல்லைச்சாமி இருப்பார். பார்த்தால் இந்தத் தகவலை மட்டும் சொல்லிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு வாஞ்சூரில் இறங்கிக்கொள்வதில்லை. ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர், நான்கு வயது தாண்டிய பிள்ளை, எல்லோர் தலைக்கும் ஹெல்மெட் வேண்டும். வாரும் மாட்டியிருக்க வேண்டும். மீறினால் 194டி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் செல்லாது. தொகை நாகூரிலும் அதேதான், திருமலைராயன்பட்டினத்திலும் அதேதான்.