வட்ட முத்திரையின் சந்நிதானத்திற்கு

மகாகனம் பொருந்திய சர்வகலாசாலைத் தேர்வுப் பிரிவாருக்கு, கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்துப் பிழைக்கும் அடியேன் அநேக நமஸ்காரங்களுடன் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

விடுமுறை முழுதும் என்னிடம் வேலை பழகிய மெக்கானிக்கல் மாணவனின் பயிற்சிப் பதிவேட்டை, அதில் நான் இட்ட முத்திரை நீள்சதுரமாக இருந்த மகாபாதகத்தின் பொருட்டுத் தாங்கள் திருப்பியனுப்பியதும், விவரம் கேட்க வந்த என்னை மத்தியானம் வரை நிற்கவைத்துப் பின் தங்கள் குமாஸ்தா பிளாஸ்டிக் அடிக்கோலால் அம்முத்திரையை இருபுறமும் அளந்து, "இது வட்டமில்லையே" என்று தீர்ப்புரைத்ததும், ஆயுள் முழுதும் மைக்ரோமீட்டர் பிடித்த எனக்கு வாய்த்த அபூர்வ ஞானோபதேசமாகும்.

அந்தப் பையன் பழகியதெல்லாம் அற்ப விஷயங்களே. பம்பு ஷாஃப்டில் பேரிங் ஏறும் இடத்தைக் கடைந்து, சூட்டோடு சூடாக அளந்து, அளவு சரியென்று இறக்கி வைத்தான். ஆறிய பிறகு பேரிங் தட்டாமலே வழுக்கிக்கொண்டு ஏறியது. முகம் வெளுத்தவன், சூட்டில் இரும்பு விரியும் என்று பரீட்சையில் எழுதிய வாக்கியத்துக்கு அன்றுதான் அர்த்தம் கண்டு, மறுநாள் முதல் ஆறவிட்டே அளந்தான். ஷாஃப்ட் என்னவோ வட்டமாகத்தான் இருந்தது, முத்திரைதான் இல்லை.

அவனுடைய சகபாடியோ எங்கோ பணம் கட்டி, வீட்டில் படுத்தபடியே, பௌர்ணமிச் சந்திரனைப் போன்ற முத்திரையோடு சான்றிதழ் தருவித்து, முழு கிரெடிட்டும் பெற்றுவிட்டான்.

என்ன பழகினாய் என்று இருவரில் ஒருவனையாவது எந்த ஆசிரியராவது கேட்டதுண்டா? பட்டறை எந்தத் தெருவில் இருக்கிறதென்று யாருக்காவது தெரியுமா? பொய்ச் சான்றிதழ் விற்பவனுக்குக் கடை வைத்துக் கொடுத்ததே உங்கள் விதிதானய்யா! க்ஷமிக்கவேண்டும், லேத்துச் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் உயர்ந்துவிட்டது.

1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர், மாணவர்களை ஒரு வாரம் வகுப்புக்கும் மறு வாரம் தொழிற்சாலைக்குமாக மாற்றி மாற்றி அனுப்பினார். முத்திரையின் வடிவத்தைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, பாவம். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2020-ல், பட்டப்படிப்புக்குள்ளேயே தொழிற்பழக்கத்தை இணைத்து, மொத்த கிரெடிட்டில் குறைந்தது 20 சதவீதத்தை அதற்கே ஒதுக்க வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஐந்தில் ஒரு பங்குப் படிப்பை ஒரு ரப்பர் ஸ்டாம்பின் சுற்றளவுக்குள் அடக்கிய சாமர்த்தியம் தங்களுக்கே உரியது.

ஆகவே, வரும் வருஷமாவது ஓர் ஆசிரியரை இங்கே அனுப்பி, மாணவன் எதைப் பழகவேண்டும் என்பதை என்னோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதச் செய்து, நடுவில் ஒருமுறை அவன் கடைந்த ஜாப்பை அவனையே அளக்கச் சொல்லிப் பார்த்து, முடிவில் நேரில் நாலு கேள்வி கேட்டு மதிப்பெண் போடும்படி உத்தரவாகவேண்டும். பட்டறை காலை எட்டரைக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை.