ஆபரேஷன் பையனுக்கு, பத்தியம் அப்பாவுக்கு

ஐந்து வயதுப் பையனுக்குக் குடலிறக்கம். அரைமணி, முக்கால்மணி நேர வேலை, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லி முடித்தபோது, பையன் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்திக்கொண்டிருந்தான். வேர்த்தது அப்பாவுக்குத்தான். பெங்களூரு மர்பி டவுனில் தெருவுக்கு ஒருவராவது இந்த ரகத்தில் இருப்பார். தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் முகம் சுளிக்க மாட்டார். பிள்ளைக்கு ஊசி என்றால் சிஸ்டர் இவருக்கு நாற்காலி தேட வேண்டும்.

அல்சூரை ஒட்டிய மர்பி டவுன் ஒரு காலத்தில் நாக்ஸ்பேட்டையாக இருந்தது. கன்டோன்மென்ட் காலத்துப் பொறியாளர் மர்பியின் பெயரைப் பிறகு வாங்கிக்கொண்டது. தமிழ் வீடுகள் நிறைய. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் கஷாயம் கொதிக்கும் நெருக்கம். ஆகவே செய்தி பரவச் சாயங்காலம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னது எதிர்வீடு. அல்சூர் சோமேஸ்வரருக்கு அர்ச்சனை என்றது பக்கத்து வீடு. அப்பா இரண்டுக்கும் போனார். கடவுள்களுக்குள் தகராறு வரக்கூடாதே! தாத்தா மட்டும், "எனக்கு எல்லாமே போரிங் ஆஸ்பத்திரியிலதான் பண்ணாங்க, இவ்வளவு ஆர்ப்பாட்டமா நடந்துது?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார். மைசூர் கமிஷனர் பௌரிங்கின் பெயரால் 1868-இலிருந்து நடக்கும் சிவாஜிநகர் ஆஸ்பத்திரி அது. அதன் கூடத்துப் பெஞ்சுகள் எத்தனை அப்பாக்களைத் தாங்கியிருக்கும்!

இந்த அப்பா பெஞ்சை நம்புகிறவர் அல்ல, யூடியூபை நம்புகிறவர். இரவு பன்னிரண்டு வரை குடலிறக்க வீடியோக்கள் பார்த்தார். எல்லாம் அறுபது வயது ஆண்களின் வயிறுகள். மறுநாள் டாக்டரிடம் போய், "மெஷ் எந்தக் கம்பெனி டாக்டர் வைக்கிறீங்க? இம்போர்ட்டடா?" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரியவர்களுக்கு வயிற்றுச் சுவரின் தசை தளர்ந்துபோவதால் வலை வைத்துத் தைப்பார்கள். குழந்தைக்குக் கோளாறு வேறு. கருவில் விரை இறங்கி வந்த பாதை பிறந்த பிறகும் மூடாமல் நின்றுவிடுகிறது. கவட்டை மடிப்பில் சின்னதாகக் கீறி அந்தப் பாதையைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வலை வேண்டாம், கரையும் நூலால் தைப்பதால் பிரிக்கவும் வேண்டாம். அப்பா தலையாட்டினார். முகத்தில் லேசான ஏமாற்றம். இம்போர்ட்டட் பொருள் ஒன்றுமே இல்லாமல் என்ன ஆபரேஷன்?

பட்டினி விஷயத்தில்தான் அவருடைய முழுத் திறமை வெளிப்பட்டது. மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காகச் சாப்பாட்டை ஆறு மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம். ஐரோப்பிய மயக்கவியல் சங்கம் 2022-இல் குழந்தைகளுக்கு அதை ஒரு மணி நேரமாகவே குறைத்துவிட்டது. நம்மவர் முந்தின இரவு எட்டு மணிக்கே தண்ணீர்ப் பானைக்கு மூடி போட்டார். டின்னிலிருந்த பிஸ்கட் பீரோவுக்குள் போனது. பையன் பசிக்கும்போது தானும் சாப்பிடுவதில்லை என்று சபதம் வேறு. காலையில் பையன் தெம்பாக ஆட்டோவில் ஏறினான். அப்பாவுக்குத்தான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கண் இருட்டியது.

வாசலில் அடுத்த பிரச்சினை அருணாக்கயிறு. ஆபரேஷனில் ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்த மின்கருவி பயன்படுத்துகிறார்கள், உடம்பில் உலோகம் கூடாது, தவிர கீறப்போகும் இடமே அதுதான். சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். "அருணாக்கயிறு இல்லாமலா புள்ளைய உள்ள அனுப்புவே? ஏண்டா, உனக்குப் புத்தி இருக்குதா?" என்று அப்பாவைப் பெற்ற ஆயா வார்டே திரும்பிப் பார்க்கக் கேட்டார். அறுக்காமல் அவிழ்ப்பது, கீழே வைக்காமல் அப்பா தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது என்று சமரசம் ஆனது. வெள்ளித் தாயத்து தொங்கும் மணிக்கட்டோடுதான் அவர் பிறகு எல்லாக் கையெழுத்தும் போட்டார்.

அட்டெண்டர் பாஸ் ஒன்றே ஒன்று. வந்தவர்களோ ஒன்பது பேர், அதில் மூன்று பேர் சித்தப்பாக்கள். செக்யூரிட்டியோடு கன்னடத்திலும் தமிழிலும் கலந்து நடந்த பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை என்றே கேள்வி.

உலகத்தில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பிரிட்டனில் சென்ற நூற்றாண்டின் நடுவரை சில ஆஸ்பத்திரிகளில் குழந்தையைப் பார்க்கப் பெற்றோரை வாரத்தில் ஒரு நாள்தான் விடுவார்கள். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் லாரா என்ற இரண்டு வயதுப் பெண்ணைப் படமெடுத்தார். தொப்புள் குடலிறக்கத்துக்காக எட்டு நாள் தனியாகக் கிடந்த அவள் வாடிப்போனதைப் பார்த்து டாக்டர்களுக்கே சங்கடமாயிற்று. 1959-இல் பிளாட் குழு, அம்மாக்களைத் தாராளமாக உள்ளே விடுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. இத்தனைக்கும் 1909-லேயே கிளாஸ்கோவின் ஜேம்ஸ் நிக்கோல், பத்தாண்டில் 8,988 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றே அம்மாவிடம் அனுப்பியதாக எழுதியிருந்தார். அம்மாவைவிட நல்ல நர்ஸ் கிடையாது என்பது அவர் கட்சி. அங்கே அம்மாவை உள்ளே விட ஒரு குழு தேவைப்பட்டது. இங்கே சித்தப்பாக்களை வெளியே நிறுத்த ஒன்று போட்டால் புண்ணியம்.

இனி அந்த வசனம். "ஒண்ணும் ஆகாதுடா கண்ணா." அப்பா இதை ஆட்டோவில் ஆரம்பித்தார். லிஃப்டில், எடை பார்க்கும் இடத்தில், பச்சை கவுன் மாட்டும்போது, நிற்காமல் சொன்னார். அதுவரை கவுனின் நாடாவை வைத்து விளையாடிய பையன், என்னவோ ஆகப்போகிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தான். கனடாவில் கிறிஸ்டின் சேம்பர்ஸும் உடனிருந்த ஆய்வாளர்களும் 2010-இல் எழுதியது இதைத்தான்: 'பயப்படாதே' என்று சொல்லும் பெரியவரின் முகத்திலும் குரலிலும் குழந்தைக்குத் தெரிவது பயம். வேறு கதை பேசுவதே மேல். அதற்கு முன்பே 2006-இல் அமெரிக்காவில் ஜீவ் கெய்ன் குழுவினர், மயக்கம் கொடுக்கும்போது பயந்த குழந்தைக்கு அமைதியான பெற்றோர் உதவுகிறார்கள், அமைதியான குழந்தையைப் பதறும் பெற்றோர் கலக்கிவிடுகிறார்கள் என்று கண்டார்கள். மயக்க டாக்டர் இதையெல்லாம் சொல்லவில்லை. அப்பாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அம்மா வரட்டும்" என்றார்.

அம்மா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தியேட்டர் வாசல் வரை, மாடியில் குட்டி போட்ட பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார். மொத்தம் எத்தனை குட்டி என்பதில் இருவருக்கும் சண்டை. மாஸ்க் முகத்துக்கு வரும்போது பையன் நாலு என்று சாதித்துக்கொண்டிருந்தான்.

வெளியே அப்பாவை இன்ஷூரன்ஸ் மேசைக்கு அனுப்பியது சித்தப்பாக்கள் செய்த ஒரே நல்ல காரியம். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட சுற்றறிக்கை அவருக்கு மனப்பாடம். கவுண்டர் பையனுக்கு அதை முழுதாக ஒப்பித்தார். அந்த நேரத்தில் உள்ளே ஆபரேஷன் முடிந்துவிட்டது.

மயக்கம் தெளிந்த பையன் யாரென்றே தெரியாமல் கத்தினான். இது பல குழந்தைகளுக்கு வரும், கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று சிஸ்டர் சொன்னபடியே அடங்கியது. அப்புறம் கால் துவண்டு கிடந்தது. "சிஸ்டர், கால் வரலே!" என்று அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் எழுந்தது. வலி தெரியாமலிருக்க முதுகின் அடியில் போட்ட மருந்து அது. சில மணி நேரம் கால் மரத்திருக்கும். ராத்திரி மர்பி டவுன் வீட்டு வாசலில் அதே கால் ஆயாவை உதைத்தது.

மூன்றாம் நாள் பையன் மாடிப்படியில் ஏறிப் பூனைக்குட்டிகளை எண்ணினான். அப்பா லீவை நீட்டித்தார். டீக்கடையில் முக்கால்மணி ஆபரேஷன் இரண்டரை மணியானது, விரல் கணு அளவுத் தழும்பு சாணாக வளர்ந்தது. போன வாரம் பின்தெரு ஆட்டோக்காரரின் மகனுக்கும் குடலிறக்கம் என்று தெரிந்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"மச்சான், டாக்டர் கிட்ட மெஷ் பத்தி மட்டும் கேக்காதே. கொழந்தைங்களுக்கு அதெல்லாம் வெக்க மாட்டாங்க. வெவரம் தெரியாதவன்னு நெனச்சுக்குவாரு."