வண்டிக் குளியல்

சமயநல்லூரில் எண்பதுகளின் கடைசியில் பைக் வைத்திருந்த எவனையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் தேடிப் பயனில்லை. வைகையில் தண்ணீர் ஓடுகிற மாதமென்றால் தேனூர்ப் பக்கம் ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே, கைலியைத் தொடைக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, கணுக்காலளவு தண்ணீரில் நிறுத்திய வண்டியின் வயிற்றுக்கடியில் தலையை விட்டபடி, தனக்கு வேறு ஜோலியே கிடையாது என்கிற நிதானத்தில் ஒருவன் குந்தியிருப்பான். அவனுக்கு இந்தப் பக்கம் உழவுமாடுகளும் அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரியும் குளித்துக்கொண்டிருக்கும். உங்கள் ஊரில் அது தாமிரபரணியாகவோ காவிரியாகவோ, இல்லை ஊர்க் கண்மாயாகவோ இருந்திருக்கும். ஆளும் கைலியும் மாறியிருக்க வாய்ப்பில்லை.

அந்த ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். ஹீரோ ஹோண்டா சி.டி. 100 சந்தைக்கு வந்தது 1985-இல். என் கைக்கு அது வந்து சேர்ந்தபோது வேறொருவர் ஓட்டி அலுத்துப்போன பழைய வண்டியாக இருந்தது என்றாலும், அந்த இளைஞனின் மிதப்புக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை. தன் உடம்புக்குப் போட்ட சோப்பைவிட வண்டிக்குப் போட்டது அதிகம் என்று வீட்டில் அவனைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு நெடுநாள் நிலுவையில் இருந்தது. ஆற்றுக்குக் கிளம்பும்போது அவன் கொண்டுபோகும் மஞ்சள்பைக்குள் என்ன இருக்கும் என்று இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும்: 501 பார் சோப்பில் ஒரு துண்டு, தேங்காய் நார், பல் தேய்த்துத் தேய்ந்துபோன பிரஷ், சீசாவில் ரேஷன் மண்ணெண்ணெய், அப்பாவின் கிழிந்த பனியன், ஒரு பொட்டலம் திருநீறு. திருநீறு எதற்கென்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கிய அதே திருநீறுதான் சைலன்சரின் நிக்கலையும் துலக்கியது. சாமி மாடத்தில் மரவை ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அப்பத்தா மட்டும் கடைசிவரை குழம்பிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ரெக்சின் சீட்டில் தேங்காயெண்ணெய் தடவி, வெயிலில் அது மினுங்குவதை இரண்டடி தள்ளி நின்று பார்த்த பிறகுதான் வீடு திரும்புவது. அந்த எண்ணெய் அடுத்த நாள் யார் யாருடைய பேன்ட்டில் ஒட்டியது என்பது வேறு கதை.

இதிலெல்லாம் சுத்தம் எவ்வளவு, சினிமாத்தனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: வண்டியின் ஒவ்வொரு அங்குலத்திலும் கை போய் வந்தது. மட்கார்டுக்கு உள்ளே நட்டு ஒன்று லூசாகியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். டயரில் ஆணி இறங்கியிருந்தால், கிளட்ச் ஒயர் நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்திருந்தால், எஞ்சின் அடியில் ஆயில் கசிந்திருந்தால், மெக்கானிக்குக்கு முன்னால் பனியன் துணி சொல்லிவிடும். பக்கத்தில் மாட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர், “ஏ தம்பி, எம்மாட்டுக்கு உண்ணி பாக்குற மாதிரில்ல வண்டிய பாக்குற” என்று சிரிப்பார். இளைஞனுக்கு அது கேலியாகப் பட்டது. இப்போது யோசித்தால் அவர் தொழில் தெரிந்தவராய், தொழிலைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்.

பிறகு ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் குறைந்தன, கையில் காசு கொஞ்சம் கூடியது, திண்டுக்கல் ரோட்டோரத்தில் ‘வாட்டர் சர்வீஸ்’ போர்டுகள் முளைத்தன. ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று அப்போது பெயர்; அப்புறம் நான்குவழியாக அகன்று, எண் 44 ஆகி, பழைய புளியமரங்களையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த சர்வீஸ் கடைகளில் பெல்ட் போட்ட பம்பு ஒன்று தடதடக்கும். காரை லிப்டில் ஏற்றித் தலைக்கு மேல் தூக்கி, அரை டிராயர் போட்ட பையன் அடியில் நின்று கன்னைப் பிடித்து அடிக்க, மழைக்காலத்துச் சேறெல்லாம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிற காட்சிக்குக் கட்டணம் வாங்கியிருந்தாலும் கொடுத்திருப்போம். நமக்கு வேலை, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதும், யாரோ படித்துக் கசக்கிப்போட்ட தினத்தந்தியில் கன்னித்தீவைப் பார்ப்பதும்தான். வண்டியைக் கழுவுவது என்பது வண்டி கழுவுவதைப் பார்ப்பதாக மாறிய அந்த இடத்தில்தான் எங்கள் தலைமுறை முதல்முறையாக முதலாளி ஆனது.

இப்போது பாருங்கள், கன் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரு காரும் இரண்டு பைக்கும் நிற்கிற வாசல். மகன் செல்போனில் விதவிதமான பிரஷர் வாஷர்களை விரலால் தள்ளிக்கொண்டே, “அப்பா, இது 110 பார், அது 130, இன்னொண்ணு 150 போட்டிருக்கான், விலையும் கம்மி” என்கிறான். ஜெர்மனியில் கார்ச்சர் என்கிற கம்பெனி ஐரோப்பாவின் முதல் வெந்நீர் உயர் அழுத்த இயந்திரத்தைச் செய்தது 1950-இல். அதையே சுருக்கி, வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிற அளவில் 1984-இல் விற்பனைக்கு விட்டது. அதாவது அங்கே ஒருவர் விசையை அழுத்தி வாசலைக் கழுவிய அதே காலத்தில்தான், இங்கே ஒருவன் அப்பத்தாவின் திருநீற்றைத் திருடிக்கொண்டிருந்தான்.

பார் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் படிக்க வேண்டியிருந்தது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ இரண்டு பார். மொட்டைமாடித் தொட்டி தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், கீழே குழாயில் கிடைப்பது அரை பார். அந்த அரை பாரில் சொட்டுகிற தண்ணீரை வாங்கி 100 பாருக்கு ஏற்றித் தருவதுதான் இந்த மெஷினின் வித்தை. இதில் பெட்டிமேல் அச்சடித்த எண்ணை நம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்: பாரையும், நிமிடத்துக்கு வரும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான கிலோவாட் வரும். 110 பார், 6 லிட்டர் என்றால் 1.1 கிலோவாட்; 1400 வாட் மோட்டாருக்கு அது நியாயம். 1400 வாட் மோட்டாரைப் போட்டுவிட்டு 150 பார், 8 லிட்டர் என்று ஒரே மூச்சில் சொன்னால் 2 கிலோவாட் ஆகிறது. மோட்டார் தின்பதைவிட அதிகமாக வேலை செய்கிறதென்று அர்த்தம். உச்ச அழுத்தம் வேறு, வேலை செய்கிறபோது உள்ள அழுத்தம் வேறு. விற்கிறவர்கள் இரண்டில் பெரியதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள்.

மோட்டாரிலும் இரண்டு சாதி. கார்பன் பிரஷ் வைத்தது எடை குறைவு, விலை குறைவு, சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கும். பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், விலையும் கூட, ஆனால் அமைதியாக நெடுநாள் உழைக்கும். தனியாக வாளியிலிருந்து உறிஞ்சும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நம் ஊருக்கு முக்கியம், ஏனென்றால் அரை பார் குழாயை நம்பி உட்கார முடியாது. ஆக, ஐரோப்பிய இயந்திரக்கலையின் உச்சத்துக்குப் பக்கத்தில் கடைசியில் வந்து நிற்பது பழைய வாளிதான்.

தண்ணீர்க் கணக்கில் மெஷினைக் குறை சொல்ல வழியில்லை. சாதாரண ஹோஸ் பைப் நிமிடத்துக்கு 15 லிட்டர்வரை கொட்டும். இது ஆறேழு லிட்டரில் அடங்கிவிடும். இவ்வளவு சிக்கனமான சாமான், ஆறு நிறையத் தண்ணீர் ஓடியபோது வரவில்லை, போரில் உப்புத் தண்ணீர் வர ஆரம்பித்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கார்மேல் வெள்ளைப் புள்ளிகள் கோலம் போட்டுவிடும், எனவே அடித்த கையோடு துடைத்தாக வேண்டும். மகன் அதற்கு மைக்ரோ ஃபைபர் துணி வாங்கியிருக்கிறான். பனியன் துணிக்கு இவ்வளவு விலையா என்று அவன் அம்மா கேட்டாள்.

கன்னைப் பிடித்தவுடன் யாருக்கும் ஒரு வீரம் வந்துவிடுகிறது. தூசி பறக்கப் பறக்க இன்னும் கிட்டே போகச் சொல்கிறது. போகக் கூடாது. பெயின்ட்டுக்கு ஓரடி தள்ளி, விசிறியாய் விரிகிற முனையை வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஊசியாய்ப் பாய்கிற பூஜ்யம் டிகிரி முனையைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுவது உத்தமம். பைக்கில் சக்கர பேரிங், செயின், சுவிட்சுகள், ரேடியேட்டர், சைலன்சர் வாய், இவற்றின் பக்கம் நேராகத் திருப்பவே கூடாது. கிரீஸை வெளியே தள்ளித் தண்ணீரை உள்ளே வைத்துவிடும். அதாவது அந்தக் காலத்து இளைஞன் பிரஷை விட்டு விட்டுத் தேய்த்த இடங்களெல்லாம் இந்த மெஷினுக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி.

அழுத்தத்துக்கு எல்லை வேண்டும் என்று மதுரைக்காரர்களுக்குக் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டுத்தோல் பையில் நிரப்பி, கையால் அமுக்கி, குறுகிய முனை வழியாக வளைந்து விழும்படி விடுவது மரபு. காலம் மாறி, அதற்கும் அழுத்த பம்புகள் வந்தன. சாமி, பட்டர், குதிரை வாகனம் எல்லாவற்றின்மேலும் வேகமாய் அடித்ததில் புகார் கிளம்பி, தோல்பையில் மரபுப்படி மட்டுமே பீய்ச்ச வேண்டும் என்று 2024-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கட்டுப்பாடு விதித்தது. திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றும் முன்பு அழகர் இறங்கியது எங்கள் தேனூர் ஆற்றில்தான். வண்டியூரில் இன்றும் தேனூர் மண்டபம் என்ற பெயரில் அந்த ஞாபகம் நிற்கிறது. அவர் இறங்குவதற்கே இப்போது 1959-இல் திறந்த வைகை அணையிலிருந்து தண்ணீர் விடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது எனும்போது, சி.டி. 100 எந்த மூலைக்கு?

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. வீட்டில் பைக் மட்டும்தான் என்றால் வேண்டாம். வாளியும் துணியும் போதும், கையும் வண்டியோடு பேச்சுவார்த்தையில் இருக்கும். கார் உண்டு, வாசலும் கழுவ வேண்டும் என்றால் 100 முதல் 120 பார் தாராளம்; அதற்கு மேல் போகிற காசை இண்டக்‌ஷன் மோட்டாரில் போடுங்கள், பக்கத்தில் சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியாகப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் எர்த் சரியாக உள்ள 15 ஆம்ப் பிளக் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். எங்கள் தெருவில் பலர் அதைப் பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் தேடுகிறார்கள்.